எண்ணுக்கு முளைத்த வால்: ஓர் ஈராசிரியர் பள்ளியின் கணிதச் சொற்சுவர் – நிகழ்வு ஆய்வு

மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் 15 − 7 என்று எழுதிக் கொடுத்தால் போட்டுவிடும். "15இலிருந்து 7ஐக் கழி" என்றாலும் பெரும்பாலும் சரியாக வரும். அதையே "7ஐ 15இலிருந்து கழி" என்று மாற்றிக் கேளுங்கள். நோட்டில் மேலே 7, கீழே 15 எழுதிக் கோடு போடும். ஒன்றின் இடத்தில் 7க்கும் 5க்கும் வித்தியாசம் 2. பத்தின் இடத்தில் தனியாக நிற்கும் 1ஐ அப்படியே கீழே இறக்கி, விடை 12 என்று நீட்டும். கழிக்கத் தெரியாத பிள்ளை இல்லை அது. ‘கழித்தல்’ என்ற சொல்லும் அதற்குத் தெரியும். வகுப்புச் சுவரில் பெரிய எழுத்தில், கழித்தல் குறியோடு, அந்தச் சொல் ஒட்டியே இருக்கிறது.

அந்தச் சுவரைத் திருத்திய கதைதான் இந்த ஆய்வு. இடம், வட தமிழ்நாட்டில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இரண்டே ஆசிரியர்கள். 1 முதல் 3 வரை ஒரே அறையில் ஓர் இடைநிலை ஆசிரியையிடம்; 4, 5 வகுப்புகள் தலைமையாசிரியரிடம். 2012–13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் வந்ததால் பதிவேட்டில் தமிழ்வழி, ஆங்கிலவழி என்று இரண்டு பட்டியல். உட்காருவதோ ஒரே பாயில். அந்த வட்டாரத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருக்கும் நான், ஒரு கல்வியாண்டு முழுக்க இந்த வகுப்புக்கு அவ்வப்போது போய் உட்கார்ந்து பார்த்ததை எழுதுகிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். ஆசிரியையைப் பிள்ளைகள் கூப்பிடுகிறபடி டீச்சர் என்றே வைத்துக்கொள்வோம்.

சுவர் முன்பு எப்படி இருந்தது

நம் பள்ளிச் சுவர்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007–08இல் மாநிலம் முழுக்கப் பரவியபோது, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தே எழுதும்படி நாலு சுவரிலும் கீழ்மட்டக் கரும்பலகை வந்தது. தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டி, பிள்ளைகள் வரைந்ததையும் எழுதியதையும் அதில் தொங்கவிட்டோம். சுவர் பிள்ளையுடையது என்ற எண்ணம் அப்போது இருந்தது. பின்னாளில் சாயம் பூசிய படங்கள் வந்தன. 2022–23இல் தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் கற்றல் நிலைப்படி பிரித்த அட்டைகள், களங்கள், பயிற்சி நூல்கள். ஒவ்வொரு திட்டமும் சுவரில் கொஞ்சம் ஒட்டிவிட்டுப் போகும். பழையதை எடுக்க யாருக்கும் மனம் வராது. பார்வைக்கு வருகிறவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் வேறு.

இந்த அறையிலும் அதே நிலைதான். ஜன்னலுக்கு மேலே வடிவங்கள் அட்டை, அதன் பக்கத்தில் வாய்ப்பாடு, கதவுக்கு மேலே ‘கணிதச் சொற்கள்’ என்று கடையில் வாங்கிய சார்ட். அதில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மீதி, ஈவு, இடமதிப்பு, ஏறுவரிசை, இறங்குவரிசை என்று ஒரு நீளப் பட்டியல். பெரியவர் நிமிர்ந்து பார்த்தால் படிக்கலாம். தரையில் உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது வெறும் கோடு.

சொற்சுவர் என்ற உத்தி அமெரிக்காவில் வாசிப்புக் கற்பிக்கப் பிறந்தது. பட்ரிசியா கன்னிங்ஹாம் போன்றவர்கள் அதைப் பரப்பினார்கள். அடிக்கடி வரும் சொற்களைச் சுவரில் ஒட்டி, தினமும் அதைக் கைகாட்டி வேலை வாங்குவதுதான் அதன் உயிர். கைகாட்டி வேலை வாங்கும் பகுதி நம் ஊருக்கு வரும் வழியில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. ஒட்டுவது மட்டும் வந்து சேர்ந்தது.

ஒட்டுவதற்கும் ஒரு விலை உண்டு. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் அன்னா ஃபிஷர், கேரி காட்வின், ஹோவர்ட் செல்ட்மன் ஆகியோர் மழலை வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. ஒரே மாதிரி அறிவியல் பாடங்கள், ஒருமுறை அலங்காரம் நிறைந்த அறையில், ஒருமுறை வெறும் சுவர் அறையில். அலங்கார அறையில் பாட நேரத்தில் 39 விழுக்காடு அளவுக்குக் கவனம் சிதறியது. வெறும் அறையில் 28 விழுக்காடு. பாடத்தில் கற்றதும் அலங்கார அறையில் குறைவு. மொத்தம் 24 பிள்ளைகள்தான், பரிசோதனைக்காக அமைத்த அறை. அதனால் இதை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். ஆனால் நம் வகுப்பறைகளைப் பார்த்த யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்படமாட்டார்கள்.

டீச்சர் முதலில் செய்தது, சுவரைக் காலி செய்தது. தலைமையாசிரியர் கொஞ்சம் தயங்கினார். கழற்றியதெல்லாம் பீரோவுக்கு மேலே சுருட்டிப் பத்திரமாக இருக்கிறது என்று சொன்ன பிறகே சரி என்றார்.

சொல் எப்போது சுவருக்குப் போகும்

விதி எளிமையானது. பாடம் தொடங்கும்போது சொல்லை ஒட்டக் கூடாது. பிள்ளைகள் அந்த வேலையைக் கையால் செய்து, வாயால் தங்களுக்குத் தெரிந்தபடி சொல்லி, அப்புறம்தான் அட்டை எழுதப்படும். அட்டையில் மூன்று வரி. முதல் வரி பிள்ளையின் பேச்சு. இரண்டாவது புத்தகத்தின் மொழி. மூன்றாவது கணிதக் குறி.

பதினஞ்சுல ஏழு போனா
15இலிருந்து 7ஐக் கழி
15 − 7

இந்த ஒரு அட்டைக்குப் பின்னால் ஒரு நாள் வேலை இருந்தது. புளியங்கொட்டையைக் குவித்து எடுத்து, தீக்குச்சிக் கட்டைப் பிரித்து, ‘என்ன செஞ்சே சொல்லு’ என்று ஒவ்வொருவரையும் கேட்டபோது "பதினஞ்சுல ஏழு போச்சு டீச்சர்" என்று ஒரு பெண் சொன்னாள். அதுவே முதல் வரி. பிள்ளையின் பேச்சுத் தமிழைச் சுவரில் எழுதலாமா என்று தலைமையாசிரியர் கேட்டார். எழுத்துத் தமிழ் இரண்டாம் வரியில் இருக்கிறதே என்று டீச்சர் முடித்துவிட்டார். எனக்கும் அதில் குறை தெரியவில்லை. வீட்டில் ‘போனா’, பள்ளியில் ‘கழி’ என்று இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வைத்திருக்கும் பிள்ளைக்கு, அவை ஒன்றுதான் என்று சொல்ல இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

அட்டைகள் கீழ்மட்டக் கரும்பலகைக்குச் சற்று மேலே, பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், நூல்கயிற்றில் துணிக் கிளிப்பால் மாட்டப்பட்டன. ஒட்டவில்லை, மாட்டினார்கள். மழைக்காலத்தில் ஈரச் சுவரில் செல்லோ டேப் நிற்காது என்பது ஒரு காரணம். கழற்றி எடுத்துத் தன் இடத்துக்குக் கொண்டுபோய், நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டலாம் என்பது பெரிய காரணம். அட்டை அழுக்காகும், மடங்கும். அழுக்கான அட்டைதான் உழைத்த அட்டை.

முன்னாடி எது, பின்னாடி எது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

எண்வரிசையில் ‘முன்’, ‘பின்’ பாடம். தரையில் சாக்பீஸால் நீளக் கோடு இழுத்து 0 முதல் 10 வரை குறித்தாயிற்று. ஒரு பையனை 7இல் நிறுத்தி, 10 இருக்கும் பக்கமாகப் பார்க்கச் சொல்லி, டீச்சர் கேட்டார்.

"ஏழுக்கு முன்னாடி என்னப்பா இருக்கு?"

"எட்டு."

"நல்லாப் பார்த்துச் சொல்லு."

அவன் குனிந்து பார்த்தான். மூக்குக்கு நேரே எட்டு. "எட்டுதான் டீச்சர்."

"பின்னாடி?"

திரும்பிப் பார்த்து, "ஆறு" என்றான்.

பயிற்சி நூலில் இது இரண்டும் தவறு. அவன் நிற்கும் இடத்திலிருந்து இரண்டும் சரி. தமிழில் ‘முன்னாடி’ என்பது எதிரே இருப்பதையும் குறிக்கும், நேரத்தில் முந்தி வந்ததையும் குறிக்கும். ‘வீட்டுக்கு முன்னாடி வேப்பமரம்’ இடம். ‘சாப்பாட்டுக்கு முன்னாடி கை கழுவு’ நேரம். எண்ணிக்கொண்டு போகும்போது ஆறு சொல்லி அப்புறம் ஏழு சொல்கிறோம், அதனால் ஆறுதான் முன்னாடி வந்தது. எண்கோட்டில் நடந்துகொண்டே போகிற பிள்ளைக்கோ எட்டு முன்னாடி நிற்கிறது. பெரியவர்கள் நாம் இதைச் சூழலை வைத்துப் பிரித்துக்கொள்கிறோம். எண்கோட்டின் மேல் நிற்கும் ஆறு ஏழு வயதுப் பிள்ளையிடம் இரண்டும் ஒரே நேரத்தில் மோதுகின்றன.

நான் பார்த்த பல வகுப்புகளில் இந்த இடத்தில் "தப்பு, உக்காரு" என்று முடிந்திருக்கும். டீச்சர் பையனை அங்கேயே நிற்கவைத்துவிட்டு மற்றவர்களை ஒன்றிலிருந்து உரக்க எண்ணச் சொன்னார். ஏழு வந்ததும் நிறுத்தச் சொல்லி, "ஏழு சொல்றதுக்கு முன்னாடி என்ன சொன்னீங்க?" என்றார். எல்லோரும் ஆறு என்றார்கள். கோட்டில் நின்றவன் குழம்பிப்போய், "அப்போ என் முன்னாடி இருக்கிற எட்டு?" என்றான். அருமையான கேள்வி. அன்றைக்கு எழுதிய அட்டையில் ‘முன் எண்’ என்பதன் கீழே ‘எண்ணும்போது முந்திச் சொன்னது’ என்று இருந்தது. அதன் கீழே ஒரு குச்சி மனிதன், அவனுக்கு எதிரே 8, அதன் மேல் பெருக்கல் குறி போல் ஓர் அடித்தல் குறி. பெரிய வகுப்புகளில் இவையே முன்னி, தொடரி என்று வரும்போது இந்தக் குழப்பம் பாதி குறைந்துவிடும். ‘முந்தியது, தொடர்வது’ என்று அந்தச் சொற்களுக்குள்ளேயே பொருள் இருக்கிறது.

எதிரே அடித்துக் காட்டிய அந்தப் படத்துக்குக் கல்வியாளர்கள் வைத்திருக்கும் முறையான வடிவம் ஃப்ரேயர் மாதிரி. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டோரத்தி ஃப்ரேயரும் உடன் பணிபுரிந்தவர்களும் 1969இல் தந்தது: ஒரு கட்டத்தை நான்காகப் பிரித்து விளக்கம், பண்புகள், எடுத்துக்காட்டு, எடுத்துக்காட்டு அல்லாதது என்று நிரப்புவது. தொடக்க வகுப்புக்கு நாலு கட்டமும் தேவையில்லை என்பது என் அனுபவம். கடைசிக் கட்டம் ஒன்று போதும். எது அது அல்ல என்று காட்டாமல் எந்தச் சொல்லும் பிள்ளைக்குள் இறங்குவதில்லை. வடிவங்களில் இது இன்னும் வெளிப்படை. கடைச் சார்ட்டில் சதுரம் எப்போதும் நேராகவே உட்கார்ந்திருக்கும். அதே அட்டைச் சதுரத்தை முனை கீழே வரும்படி திருப்பிப் பிடித்தால் "டைமண்ட்" என்று கோரஸாகக் கத்துகிறார்கள், சீட்டுக்கட்டுப் புண்ணியம். இந்த அறையில் சதுரத்தின் அட்டையில் சாய்ந்த சதுரமும் இருக்கிறது, கிட்டத்தட்டச் சதுரம் போல இருக்கும் ஒரு செவ்வகமும் அடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

வால்

இப்போது தொடக்கத்தில் சொன்ன 7, 15 கணக்குக்கு வருவோம்.

தமிழில் சொற்களை இடம் மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாது. மாறாமல் பிடித்து வைப்பது வேற்றுமை உருபு. ‘7ஐ 15இலிருந்து கழி’ என்றாலும் ‘15இலிருந்து 7ஐக் கழி’ என்றாலும் ஒன்றுதான். ஆனால் வாசிக்கப் பழகும் பிள்ளையின் கண் எண்களை மட்டும் பொறுக்கிக்கொள்கிறது. எண்கள் கணக்குப் பாடத்தின் சொந்தக்காரர்கள் போலவும், ஒட்டிக்கொண்டு வரும் ‘ஐ’யும் ‘இலிருந்து’வும் தமிழ்ப் பாடத்தின் சரக்கு போலவும் நடக்கிறது. பேச்சில் இந்தச் சிக்கல் குறைவு. "பதினஞ்சுல ஏழு போனா" என்பதை யாரும் திருப்பிப் போட்டுச் சொல்வதில்லை. அச்சில்தான் எண் உருவமும் எழுத்தும் கலந்து வந்து உருபைக் கண்ணிலிருந்து மறைக்கிறது.

கணிதச் சொற்சுவர் என்றாலே நாம் பெயர்ச்சொற்களைத்தான் ஒட்டுகிறோம்: கூட்டல், கழித்தல், ஈவு, மீதி. பிள்ளை தடுக்கி விழும் இடம் அவற்றுக்கு நடுவிலுள்ள இடைச்சொல்லில் இருக்கிறது. இந்தப் பள்ளியில் நடந்ததில் மற்றப் பள்ளிகளுக்குப் பயன்படக்கூடியது என்று நான் நினைப்பது முக்கியமாக இதைத்தான்.

டீச்சர் ‘வேற்றுமை உருபு’ என்று வாயே திறக்கவில்லை. எண்ணுக்கு வால் முளைச்சிருக்கு என்றார். பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்! ஐ-வால், இலிருந்து-வால், ஆல்-வால், உடன்-வால் என்று நாலு பட்டை அட்டைகள் எழுதினார்கள். எண்ணைக் கறுப்பிலும் வாலைச் சிவப்பிலும். கணக்கை வாசித்ததும் முதல் வேலை, பென்சிலால் வாலுக்கு வட்டம் போடுவது. ‘இலிருந்து’ வால் உள்ள எண்ணைத்தான் முதலில் எழுத வேண்டும், அதுதான் இருக்கிற குவியல். ‘ஐ’ வால் உள்ளது அதிலிருந்து போவது. வகுத்தலில் வேலை மாறுகிறது. ‘12ஐ 3ஆல் வகு’ என்றால் ‘ஐ’ வால்தான் குவியல், ‘ஆல்’ வால் எத்தனை பங்கு என்பதைச் சொல்கிறது. ‘3ஆல் 12ஐ வகு’ என்று திருப்பிக் கேட்டுப் பார்த்தார். ஆரம்பத்தில் 3 ÷ 12 என்று எழுதிய பிள்ளைகள், வட்டம் போட்ட பிறகு நின்று யோசிக்கத் தொடங்கினார்கள். எல்லோரும் இல்லை. ஆனால் நிற்கிறார்கள், அதுவே பெரிய மாற்றம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது என்று நான் எச்சரித்தேன், அவருக்கும் அது தெரிந்தே இருந்தது. வாலை வைத்தே ‘இது கழித்தல் கணக்கு’ என்று பிள்ளை முடிவு கட்டிவிடக் கூடாது. ‘ஊரிலிருந்து பள்ளி 3 கி.மீ., பள்ளியிலிருந்து சந்தை 2 கி.மீ.’ என்பதில் இலிருந்து இரண்டு முறை வருகிறது, கணக்கோ கூட்டல். நம் பயிற்சிகளில் பல காலமாகச் சொல்லிவரும் ‘குறிப்புச் சொல்’ உத்தி இதே தவற்றைத்தான் செய்கிறது. ‘மொத்தம்’ வந்தால் கூட்டு, ‘மீதி’ வந்தால் கழி, ‘அதிகம்’ வந்தால் கூட்டு என்று பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். இந்தக் கணக்கைப் பாருங்கள்:

கமலாவிடம் 8 கொய்யாப்பழங்கள் உள்ளன. அது செல்வியிடம் இருப்பதைவிட 3 அதிகம். செல்வியிடம் எத்தனை?

பட்டியலை நம்பிய பிள்ளை 11 என்று எழுதும். இது தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் வரும் தடுமாற்றம் இல்லை. 1987இல் ஆன் லூயிஸும் ரிச்சர்ட் மேயரும் கல்லூரி மாணவர்களிடமே இதைக் கண்டார்கள்: வாக்கியத்தில் வரும் ‘அதிகம்’ ஒரு பக்கமும் செய்ய வேண்டிய கணக்கு மறுபக்கமும் இழுத்தால் தவறு கூடுகிறது. 1995இல் மேரி ஹெகார்ட்டியும் மேயரும் கிறிஸ்டோபர் மாங்கும் கண்ணின் ஓட்டத்தைப் பதிவுசெய்து பார்த்தபோது, தவறாகப் போடுகிறவர்கள் எண்களுக்கும் ‘அதிகம், குறைவு’ போன்ற சொற்களுக்குமே திரும்பத் திரும்பப் போவது தெரிந்தது. சரியாகப் போடுகிறவர்கள் யாரைப் பற்றிய பேச்சு என்பதைப் பார்த்தார்கள்.

அதனால் இந்த வகுப்பில் ‘விட’ அட்டையில் எந்தக் குறியும் இல்லை, கூட்டலும் இல்லை கழித்தலும் இல்லை. ஒரே ஒரு கேள்வி மட்டும்: ‘யாரைவிட?’ கமலா, செல்வி கணக்கு வந்தபோது இரண்டு பெண்களை எழுப்பி நிறுத்தினார்கள். யாரைவிட என்று கேட்டதும் "செல்வியைவிட" என்று பதில். அப்போ செல்விதான் அளவுகோல். கமலா கையில் எட்டுப் புளியங்கொட்டை. செல்வி கை காலி. கமலாவின் கொட்டையில் மூன்றைத் தனியாகத் தள்ளி வைத்தால், மிச்சம் செல்வியிடம் இருப்பதற்குச் சமம். "அஞ்சு" என்று முதலில் சொன்னது இரண்டாம் வகுப்புப் பையன், இந்தக் கணக்கு அவனுக்கானதே இல்லை. பல்வகுப்பு அறையின் தொல்லைகளைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். இப்படிப்பட்ட லாபங்களும் அதில் உண்டு.

‘குறிப்புச் சொற்கள்’ சார்ட் இப்போது பீரோவுக்கு மேலேயே இருக்கிறது. அது இன்னும் பல பள்ளிகளில் சுவரில் இருப்பது எனக்கு வருத்தம்தான்.

பெருக்கு, விட்டம், அலகு

வீட்டில் ஒரு பொருளும் கணக்கில் ஒரு பொருளும் உள்ள சொற்கள் தனிக் கயிற்றில் தொங்குகின்றன. பெருக்கு என்றால் விளக்குமாறு. பிள்ளைகள் அதை நன்றாக அனுபவித்தார்கள். ‘3ஐ 4ஆல் பெருக்கு’ என்றால் ஒருவன் எழுந்து பெருக்கிக் காட்டுவான், எல்லோரும் சிரிப்பார்கள். தலைமையாசிரியர் அறையில் வட்டம் நடத்தும்போது விட்டமும் ஆரமும் வந்தன. ஓட்டு வீட்டுப் பிள்ளைக்கு விட்டம் தெரியும், சுவருக்குச் சுவர் குறுக்கே கிடப்பது. மாடி வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாது. அலகு என்றால் கிளியின் மூக்கு. இவற்றைப் படம் போட்டு இரண்டு பக்கமும் எழுதி மாட்டினால் ஞாபகத்தில் நிற்கிறது. அதற்கு மேல் இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பயிற்சிக் கூட்டங்களில் இந்த மாதிரிச் சொற்களுக்குத்தான் அதிகக் கைதட்டல் கிடைக்கும், ஆனால் இவற்றால் பிள்ளைகள் கணக்கைத் தவறாகப் போட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை.

பின்னம் அப்படியில்லை. அரை, கால், முக்கால் மூன்றும் பிள்ளைகளுக்குக் கடையிலிருந்தே தெரியும். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, வீசம் என்றால் பதினாறில் ஒன்று என்று திண்ணைப் பள்ளிக் காலத்தில் எண்சுவடியில் ஒப்பித்தார்கள். அதெல்லாம் போய்விட்டது, கால் கிலோ மட்டும் மிச்சம். முக்கால் பெரிதா அரை பெரிதா என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வருகிறது. சிக்கல் ‘நான்கில் மூன்று’ என்று புத்தக மொழிக்குப் போகும்போது தொடங்குகிறது. காதில் முதலில் விழுவது நான்கு. கை அதை மேலே எழுதிவிடுகிறது: 4/3. தமிழ் கீழே உள்ளதை முதலில் சொல்கிறது, குறியோ மேலே உள்ளதை முதலில் எழுதவைக்கிறது. இங்கேயும் வால்தான் கைகொடுத்தது. ‘இல்’ வால் உள்ள எண் முழுசாக எத்தனை துண்டு என்பதைச் சொல்கிறது, அது கோட்டுக்குக் கீழே. அட்டையில் ஒரு கடலை மிட்டாய்ப் பாளம் வரைந்து நாலாகப் பிரித்து, முதல் வரியில் ‘நாலுல மூணு துண்டு’, இரண்டாவதில் ‘நான்கில் மூன்று’, மூன்றாவதில் 3/4. கோட்டை முதலில் இழுத்து, கீழே உள்ளதை முதலில் எழுதிவிட்டு மேலே போகலாம் என்று டீச்சர் அனுமதித்தார். எந்தச் சட்டத்திலும் மேலிருந்துதான் எழுத வேண்டும் என்று இல்லையே.

ஆங்கிலவழிப் பிள்ளைகள்

ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும் ஆங்கிலவழிப் பிள்ளைகளின் புத்தகத்தில் ‘சப்ட்ராக்ட் செவன் ஃப்ரம் ஃபிஃப்டீன்’ என்று இருக்கும். தமிழில் வழக்கமான வரிசை 15இல் தொடங்கும்; ஆங்கிலத்தின் வழக்கமான வரிசையே 7இல் தொடங்குகிறது. வால் எண்ணுக்குப் பின்னால் ஒட்டாமல் முன்னால் தனியாக நிற்கிறது. வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை. டீச்சர் அவர்களுக்காக மூன்று வரி அட்டையில் நான்காவதாக ஆங்கில வரியைச் சேர்த்தார், ஃப்ரம் மட்டும் சிவப்பில். பேச்சுத் தமிழ் வரி அவர்களுக்கும் முதல் வரியாகவே இருந்தது. ஆங்கிலவழிக்குத் தமிழ் எதற்கு என்று ஒரு தந்தை கேட்டார். "உங்க பையன் கணக்கைத் தமிழ்லதான் யோசிக்கிறான், விடையை மட்டும் இங்கிலீஷ்ல சொல்றான், கவனிச்சுப் பாருங்க அண்ணே" என்றார் டீச்சர். அவர் சமாதானமானாரா என்று தெரியாது, ஆனால் அப்புறம் கேட்கவில்லை.

இந்தப் பிள்ளைகளிடம் முன்னேற்றம் மெதுவாகத்தான் இருந்தது. பெரிமீட்டர், நியூமரேட்டர் மாதிரிச் சொற்களுக்குள் பொருளைத் தேடினால் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. சுற்றளவு என்றால் சுற்றி வந்த அளவு என்று தமிழ்வழிப் பிள்ளை தானே சொல்லிவிடுகிறது. பெரிய வகுப்பில் ஆங்கிலவழிப் பிள்ளைகளும் பெரிமீட்டர் அட்டைக்குக் கீழே ‘சுத்தி வர்றது’ என்று தாங்களே எழுதி வைத்துக்கொண்டார்கள்.

என்ன மாறியது

ஒரே ஒரு வகுப்பு. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வகுப்பு இல்லை. அதனால் மதிப்பெண் ஏறியது, அதற்குச் சுவர்தான் காரணம் என்று நான் சொல்லப்போவதில்லை. நேரில் பார்த்ததைச் சொல்லலாம். பிள்ளைகள் கணக்கு போடும் நடுவில் எழுந்துபோய் அட்டையை எடுத்துவருகிறார்கள். வாய்க்கணக்கை வாக்கியமாகச் சொல்கிறார்கள். வாசிப்பு தடுமாறும் பிள்ளைகளுக்கு வால் வட்டம் அதிகம் உதவவில்லை. எழுத்தே கூடாத இடத்தில் ‘இலிருந்து’வை எங்கே தேடுவது? அவர்களுக்கு டீச்சர் வாக்கியத்தை வாசித்துக் காட்டி, வால் வரும் இடத்தில் ஒரு தட்டுத் தட்டச் சொன்னார். அது ஓரளவு போயிற்று.

பார்வைக்கு வந்த ஒருவர் சுவரில் கலர் போதவில்லை என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனார். டீச்சர் வடிவங்கள் சார்ட்டை மட்டும் எடுத்துவந்து கதவுக்குப் பின்னால் மாட்டினார். கதவு திறந்திருக்கும்போது அது பிள்ளைகள் கண்ணில் படாது.

சுவர் நிரம்பிவிடக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார்கள். புது அட்டை வரும்போது, யாரும் தொடாத ஓர் அட்டை கழற்றப்பட்டு டப்பாவுக்குப் போகும். எது போக வேண்டும் என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள், அதில் சண்டையும் வரும். ‘பெருக்கு’ அட்டையை எடுக்கவே விடவில்லை. அதைப் பார்த்துத்தான் கணக்கு போடுகிறார்கள் என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம்.

‘கு’ வால் மட்டும் இன்னும் எழுதப்படவில்லை. ‘ஒரு பேனா 5 ரூபாய், 4 பேனாவுக்கு எவ்வளவு?’ என்றால் பெருக்கல். ‘5 ரூபாய்க்கு ஒரு பேனா, 20 ரூபாய்க்கு எத்தனை?’ என்றால் வகுத்தல். இரண்டிலும் அதே ‘கு’. இதற்கு அட்டை எழுதினால் அது மறுபடியும் குறிப்புச் சொல் பட்டியலாகிவிடும் என்று டீச்சர் நினைக்கிறார். தலைமையாசிரியர், ‘எதற்கு, எவ்வளவு’ என்று இரண்டு பத்தி கொண்ட ஓர் அட்டை போதும் என்கிறார். அடுத்த பருவத்தில் அவர் தன் அறையில் அதை மாட்டிப் பார்ப்பதாக இருக்கிறார். டீச்சர் அதுவரை கடை விளையாட்டையும் பொம்மைக் காசையும் வைத்தே ஓட்டிக்கொண்டிருக்கிறார்.